மணிமேகலைக்கு முகம் இல்லை

புத்தகத்தைப் படித்துவிட்டுப் படம் பார்ப்பதா, படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தொடுவதா என்று 1939இல் யாராவது கேட்டிருந்தால் ஆனந்த விகடன் வாசகர்கள் விழித்திருப்பார்கள். கல்கி அப்போது விகடனில் 'தியாகபூமி'யைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். கே. சுப்ரமணியம் அதையே படமாக எடுத்துக்கொண்டிருந்தார். கதையோடு வாராவாரம் அச்சானவை ஓவியங்கள் அல்ல, படத்துக்காக எடுத்த புகைப்படங்கள். சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன், சாவித்திரி என்றால் எஸ்.டி. சுப்புலட்சுமி. பெயரைப் படிக்கும்போதே முகமும் கூட வந்துவிடும். படம் வெளிவந்து ஓடி, பிறகு பிரிட்டிஷ் அரசின் தடைக்கும் ஆளானது. அது தனிக்கதை. எது முதல், எது இரண்டாவது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே மூச்சில் வந்தன என்பதுதான் இங்கே முக்கியம்.

'முதலில் புத்தகம்' கட்சிக்காரர்கள் சொல்லும் முதல் காரணம், கற்பனை. படிக்கும்போது நாமே முகங்களைச் செய்துகொள்கிறோம், படம் வந்து அதைக் கலைத்துவிடுகிறது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்த் தொடர்கதை வாசகருக்கு அப்படி வெற்றுச் சுவர் எப்போது கிடைத்தது? 'பொன்னியின் செல்வன்' 1950இல் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வந்தபோது மணியத்தின் தூரிகையும் கூடவே வந்தது. 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் ஜெயராஜ் போட்ட படங்களாகவே பலருக்கும் நினைவில் நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் இருந்தன. அட்டை நைந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கட்டுகளில்தான் நான் 'பொன்னியின் செல்வ'னின் குந்தவையைச் சந்தித்தேன். எனக்கு அவள் யார் என்பதை முடிவு செய்ததில் கல்கிக்குப் பாதிப் பங்கு, மணியத்துக்கு மீதி. என் பங்கு என்ன என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இருந்தாலும் ஓவியமும் சினிமாவும் ஒன்றல்ல. ஓவியத்திலிருக்கும் குந்தவை பேச மாட்டாள். இந்த வாரப் படத்தில் இருக்கும் மூக்கு அடுத்த வாரம் கொஞ்சம் மாறியிருக்கும், நாமும் கண்டுகொள்ள மாட்டோம். குரல், நடை, கோபம் வந்தால் கண் எப்படிச் சுருங்கும் என்பதெல்லாம் நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கும். சினிமா எதையும் விட்டுவைப்பதில்லை. கேமரா எங்காவது நின்றாக வேண்டும், ஆளுக்கு ஒரு முகம் இருந்தாக வேண்டும். அதே நாவலில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி உறுதியாகச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். அதைப் படமாக்க அந்த அறைக்குள் கேமராவோடு நுழைந்துவிட்ட மணிரத்னத்தால் அது முடியாது.

நான் இந்தக் கேள்வியை வேறு இடத்திலிருந்து பார்க்கக் காரணம் நான் வளர்ந்த பகுதி. எங்கள் செஞ்சிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை எடுத்துவைத்து, பாட்டைப் பாடி, பொருள் சொல்லி, நடுவே ஊர் வம்பும் கலந்து நீட்டி முழக்குவார். கிழவிகள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பார்கள். அன்று மதியம் சூதுபோர்ச் சருக்கம் என்றால் ராத்திரி கூத்து 'பகடை துகில்'. காலையிலிருந்து கழனியில் வேலை செய்தவர்கள்கூட பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். மதியம் ஒருமுறை கேட்டாயிற்று, போன வருஷமும் பார்த்தாயிற்று. 'கர்ண மோட்சம்' இரவில் கர்ணன் சாகப் போகிறான் என்று தெரிந்தேதான் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டாயே என்று பிரசங்கியாரிடம் யாரும் சண்டைக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

நூல் முதலில், ஆட்டம் பிறகு, அதுவும் ஒரே நாளில். வரிசையைப் பார்த்தால் 'முதலில் புத்தகம்' கட்சியின் பக்கம்தான். ஆனால் கூத்து பாரதத்தைக் கெடுத்துவிட்டது என்று ஏன் ஒருவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை? எனக்குத் தோன்றும் பதில் இது. கூத்தில் வருகிற துரியோதனன் அரிதாரம் பூசி, கிரீடம் வைத்து, புஜக்கட்டை கட்டி வருகிறவன். அடுத்த ஊரில் வேறு ஜமா, வேறு துரியோதனன். அடுத்த வருஷம் எங்கள் ஊருக்கே வேறொருவர் கட்டிக்கொண்டு வருவார். எந்த முகமும் துரியோதனனைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. 1964இல் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' வந்தபிறகு தமிழ்நாட்டுக்கே கர்ணனின் முகம் சிவாஜி கணேசன்தான். எனக்கும் அப்படித்தான். ஆனால் கூத்துப் பார்த்து வளர்ந்ததால் சிவாஜிக்குப் பக்கத்தில் தொண்டை கட்டிப்போன ஒரு கர்ணனும், குட்டையான ஒரு கர்ணனும், விடியற்காலையில் அடவு தப்பிய ஒரு கர்ணனும் நிற்கிறார்கள். கூட்டமாக நிற்பதால் சிவாஜியால் அவர்களை விரட்ட முடியவில்லை.

அதனால் சண்டை வரிசையைப் பற்றியதே அல்ல என்று நினைக்கிறேன். ஒரு கதைக்கு ஒரே ஒரு படம்தான் வரும் என்பதுதான் தொல்லை. சரத் சந்திரரின் 'தேவதாஸ்' 1917இல் வந்த சின்ன நாவல். சைகல் நடித்தார், 1953இல் நாகேஸ்வர ராவ் நடித்தார், 1955இல் திலீப் குமார், 2002இல் ஷாருக் கான். இத்தனை பேர் குடித்து அழிந்தபிறகும் தேவதாஸ் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை. நாவலை இன்று எடுப்பவர் எவர் முகத்தையும் வைத்துக்கொள்ளலாம், எல்லாரையும் தள்ளிவைத்துவிட்டு வேறு ஒருவனையும் உட்கார வைக்கலாம். தமிழில் அப்படி நடப்பது அபூர்வம். ஒரு நாவலைப் படமாக்கிவிட்டால், அதோடு அந்த வாசல் பெரும்பாலும் மூடிவிடுகிறது. எம்.ஜி.ஆர். ஒரு காலத்தில் ஆசைப்பட்டபடி 'பொன்னியின் செல்வ'னை எடுத்து முடித்திருந்தால், கார்த்தியின் வந்தியத்தேவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் குதிரையில் வந்திருப்பார். இருவருக்கும் அது நல்லதாகவே இருந்திருக்கும்.

அப்படிப் பார்த்தால் கல்கிக்கு மேடை கைகொடுத்திருக்கிறது. மேஜிக் லேண்டர்ன் குழு 1999இலேயே 'பொன்னியின் செல்வ'னை நாடகமாகப் போட்டது. அந்த நாடகத்தை எழுதிய குமரவேல்தான் பின்னால் மணிரத்னத்தோடும் ஜெயமோகனோடும் சேர்ந்து திரைக்கதையில் இருந்தார். மணியத்தின் கோடுகள், நாடகத்தின் வந்தியத்தேவன், பிறகு 2022லும் 2023லும் வந்த இரண்டு படங்கள். இது கூத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அதனால்தானோ என்னவோ, இந்தக் கதையைப் பற்றி நடந்த 'படிச்சாச்சா, பார்த்தாச்சா' சண்டைகள் எனக்கு வேடிக்கையாகவே இருந்தன. என்னோடு தியேட்டருக்கு வந்த நண்பர், ஐந்து பாகமும் கரைத்துக் குடித்தவர், இடைவேளை வரை வாயை மூடவில்லை. "புக்ல இப்படி இல்ல சார்" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்து முறைத்தபிறகுதான் ஓய்ந்தார். படித்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்த நோய் உண்டு. படத்தைப் பார்க்காமல் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் அக்கா மகள் இதற்கு நேர் எதிர். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாவலைத் தொட்டாள். பெரும்பாலானோருக்கு 'பார்த்தாச்சே, இனி எதுக்கு' என்று முடிந்துவிடும். இவள் படித்தாள். படிக்கும்போது குந்தவை த்ரிஷா, நந்தினி ஐஸ்வர்யா ராய், அதில் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. கடம்பூர் மாளிகைக்கு வந்தபோது ஒருநாள் போன் செய்தாள்.

"மாமா, இந்த மணிமேகலை யாரு? படத்துல இல்லவே இல்லையே."

கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன் மேல் உயிரை வைத்திருக்கும் பெண். படத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கல்கி வாசகர்கள் பலருக்கு அது இன்றைக்கும் ஆறாத குறை.

"எல்லாருக்கும் ஒரு ஆக்டர் இருக்காங்க, இவளுக்கு மட்டும் யாருமே இல்ல. அதனால நானே ஒருத்திய யோசிச்சு வெச்சுக்கிட்டேன். எங்க காலேஜ்ல ஒரு பொண்ணு இருந்தா, அவளோட கண்ணு. மத்ததெல்லாம் சொந்தச் சரக்கு."

போனை வைத்தபின் என் மணிமேகலை எப்படி இருப்பாள் என்று யோசித்தேன். எனக்கு வந்தவை மணியத்தின் கோடுகள். முதலில் படித்தவன் நான். ஆனால் மணிமேகலையைச் சொந்தமாகச் செய்துகொண்டவள் கடைசியில் படித்த அவள்தான். கற்பனை பற்றிய பழைய வாதத்தை அதற்குப் பிறகு என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை.

படம் முதலில் என்றால் ஆதாயமே வரும் கதைகளும் உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' அப்படி ஒன்று. கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடரை 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரம் எப்படி இருக்கும் என்பதை எத்தனை பக்கம் எழுதினாலும் காகிதத்தில் கேட்காது. படத்தில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். அந்த ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டு நாவலுக்குள் போனால் பக்கங்களுக்கு ஒரு தம்புரா கிடைத்த மாதிரி. சிவாஜி முகம் வந்து உட்கார்ந்துவிடுகிறதே என்றால், வரட்டுமே. இசை பற்றிய கதைக்கு அது கொடுக்கக்கூடிய விலைதான்.

நான் பிடிவாதமாக 'முதலில் படி' என்று சொல்லும் இடம் வேறு. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்த நாவல். கோவில்பட்டிக் கரிசல் மண். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் குடும்பத்துக்கு அநியாயம் செய்தவனை வெட்டிவிடுகிறான். பிறகு அவனும் தகப்பனும் ஒளிந்து திரிகிற எட்டு நாட்கள்தான் நாவல். வெட்டு முதலிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் எங்கே படுப்பது, எதைத் தின்பது, யார் கண்ணில் படாமல் எப்படி நடப்பது என்பதுதான். மகன் பேசுகிறான், தகப்பன் பதில் சொல்கிறார், அம்மா நினைவு வருகிறது. சத்தமே கிடையாது. வெற்றிமாறன் 2019இல் இதிலிருந்து 'அசுர'னை எடுத்தார். மையம் மகனிடமிருந்து தகப்பனுக்கு நகர்ந்தது, தனுஷ் சிவசாமி ஆனார். நடுவில் வரும் சிவசாமியின் இளமைக்காலம்தான் தியேட்டரை உலுக்கியது. நாவலில் அது அந்த உருவில் இல்லை. படம் நல்ல படம், தேசிய விருதுகளும் வாங்கியது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் 'அசுரன்' பார்த்த சூட்டோடு 'வெக்கை'யை என்னிடம் வாங்கிப்போன அலுவலக நண்பர் ஒருவர் பாதியில் திருப்பிக் கொடுத்தார். "கதை நகரவே மாட்டேங்குது, ஃப்ளாஷ்பேக் எப்ப வரும்?" என்றார். வராது என்றேன். அவர் மேல் பிழை இல்லை. பெரிய சத்தம் கேட்ட காது உடனே சின்னச் சத்தத்தைக் கேட்காது. அந்த இரண்டு பேரும் இருட்டில் மெல்லப் பேசிக்கொண்டு நடப்பதுதான் அந்த நாவலின் உயிர் என்பதை உணர, தனுஷின் கையில் இருக்கும் ஈட்டியை முதலில் மறக்க வேண்டும். யாரால் முடியும்? கதை பெருத்த நாவல் படத்தைத் தாங்கிக்கொள்ளும். 'பொன்னியின் செல்வ'னில் எத்தனை பேரை வெட்டினாலும் மிச்சம் கிடக்கிறது, மணிமேகலைகள் ஒளிந்திருக்க இடம் இருக்கிறது. நடையிலும் மௌனத்திலும் மட்டுமே உயிர் வைத்திருக்கும் சின்னப் புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை. அதிலும் அதற்கு ஒரே ஒரு படம், அதுவும் வெற்றிப்படம் என்றால், அந்தப் புத்தகத்துக்குப் படத்துக்கு முன்னால் கிடைக்கிற வாசகர்தான் நிஜ வாசகர்.

அதனால்தான் இப்போது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லை எல்லோரிடமும் திணித்துக்கொண்டிருக்கிறேன். நூறு பக்கம்கூட வராத கதை. ஒரே ஒரு பிற்பகல், ஒரு ஜல்லிக்கட்டு. தன் தகப்பனைக் குத்திச் சாய்த்த ஜமீன்தாரின் காளையை அடக்க வந்திருக்கும் பிச்சி, கூட மைத்துனன் மருதன், பக்கத்தில் நின்று விஷயம் சொல்லும் ஒரு கிழவர். வாடிவாசல் எப்போது திறக்கும் என்ற காத்திருப்பே பாதிக் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன். கூத்துக்கு இருக்கும் சலுகை எல்லாவற்றுக்கும் கிடையாது. வெற்றிமாறன் இயக்க, சூர்யா நடிக்க இது படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்து ஆண்டுகள் ஆகின்றன.

அக்கா மகளுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். படம் வருவதற்கு முன்னால் படித்துவிடு என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். மறுநாளே முடித்துவிட்டாள்.

"பிச்சி எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

"சூர்யாதான மாமா, அதான் அப்பவே சொல்லிட்டாங்களே" என்றாள்.

எடுக்காத படத்தையும் முந்த முடியவில்லை. "சரி, காளை?" என்றேன். அந்தக் காரிக் காளையைப் பற்றி அதற்குப் பிறகு அரைமணி நேரம் விடாமல் பேசினாள். காரிக்கு யார் என்று இன்னும் அறிவிக்கவில்லை.