ஹலால் என்பதோடு கேள்வி முடிந்துவிடுமா?

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள், பஜ்ருத் தொழுகையை முடித்துவிட்டு, அரியலூர் மாவட்டத்துக் காரைவெட்டி ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கரைச் சரிவில் வெண்தும்பையும் மஞ்சள் நெருஞ்சியும் பூத்திருந்தன. சற்றுத் தள்ளி ஆவாரஞ்செடிகள் பொன்னாய்ச் சொரிந்து நின்றன. அவற்றை விதைத்தவர் யாருமில்லை; நீர் ஊற்றியவர் யாருமில்லை. கருவேல மரத்தில் கரிச்சான் குரல் கொடுத்தது. நீரின் நடுவே நாமக்கோழிகள் மிதந்தன.

மேட்டூர் அணையின் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து சேரும் ஏரி இது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம். 2024ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. வெண்ணிறத் தலையில் இரண்டு கரும்பட்டைகள் கொண்ட வாத்துகள் இங்கே வருகின்றன. மத்திய ஆசியாவின் மேட்டு நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வந்து, குளிர்காலத்தை நம் நாட்டில் கழித்துத் திரும்பும் விருந்தாளிகள் அவை.

சிறகு விரித்துப் பறக்கும் பறவைகளும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்தே இருக்கிறது என்று சூரத்துந் நூர் அறிவிக்கிறது. பள்ளிவாசலில் நாம் முடித்துவிட்டு வந்த தஸ்பீஹ் ஏரிக்கரையில் தொடர்ந்துகொண்டிருக்கிறது!

அந்தக் காலை நேரத்தில் என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. மதரஸாவிலிருந்து பட்டம் பெற்று வந்த புதிதில், ஒரு வீட்டு விருந்தில் காட்டு வாத்துக் கறி பரிமாறினார்கள். "ஹஜ்ரத், வாத்து ஹலால்தானே? பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அறுத்தோம்" என்றார் வீட்டுக்காரர். "ஹலால்தான்" என்று சொல்லி, நானும் சாப்பிட்டேன். அவை இரவில் வலை விரித்துப் பிடிக்கப்பட்டவை என்று பின்னர் தெரிந்தது. மஸ்அலா சரிதான், ஆனால் என் பதில் பாதிப் பதிலே.

'அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்குகிறீரா?' என்று சிலர் கேட்கலாம். அந்த உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் சிந்தியுங்கள். ஊரில் ஹலாலான வேட்டைப் பிராணி, இஹ்ராம் அணிந்தவருக்கு ஹராம். வேண்டுமென்றே கொன்றால் பரிகாரமும் கடமையாகும் என்பது சூரத்துல் மாயிதாவின் சட்டம். மதீனா நகரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து, அங்கே வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள். பிராணி அதேதான்; இடமும் நிலையும் மாறியபோது சட்டமும் மாறியது. ஆக, 'எதை உண்கிறோம்?' என்பதோடு, 'எங்கே, எவ்வாறு பெற்றோம்?' என்பதும் மார்க்கத்தின் கேள்வியே.

காரைவெட்டி ஹரம் ஷரீஃப் அன்று. அதற்கு ஈடாகவும் மாட்டாது. ஆயினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வேட்டையைத் தடுக்கிறது. பொது நன்மைக்கான சட்டத்தை மீறி, இரவில் களவாகப் பிடித்ததை பிஸ்மில்லாஹ் தூய்மையாக்கிவிடுமா? திருடிய ஆட்டை பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால் திருட்டு நீங்கிவிடுமா?

ஒரு பிரயாணத்தில் தோழர்கள் சிறு பறவையொன்றின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி பணித்தார்கள் (அபூதாவூத்). அங்கே அவர்கள் முதலில் பார்த்தது தாயின் தவிப்பைத்தான்.

அன்றே அந்த வீட்டுக்குச் சென்று, "அன்று நான் பாதிதான் சொன்னேன், மீதியை இன்று கேளுங்கள்" என்றேன். பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இனி அந்தக் கறி இந்த வீட்டுக்குள் வராது ஹஜ்ரத்" என்றார்.

சகோதர சகோதரிகளே! பஜ்ருக்குப் பின் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு, நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைக் காட்டி தவக்குலைக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பறவைக்கு நம் கையால் தீங்கு நேராதிருக்கும் பேணுதலையும் கற்றுக்கொடுங்கள். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.