யாருடைய செலவில் என் ஆசை?

எஸ்டிபிஎம் முடிந்த வருடம், எங்கள் வீட்டு மேசையில் அச்செடுத்த இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று யூபியூ மூலம் கிடைத்த இடம்: மலேசிய பெர்லிஸ் பல்கலைக்கழகம், மின் பொறியியல். என் பட்டியலில் ஏழாவதாகப் போட்டிருந்தது. இன்னொன்று சிலாங்கூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், நான் ஆசைப்பட்ட இயந்திரப் பொறியியல். கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே போய் வரலாம். நான்கு ஆண்டுக் கட்டணம் 80,000 வெள்ளிக்கு மேல். பிடிபிடிஎன் கடன் எடுத்தாலும் துண்டு விழும்.

அப்பா லோரி ஓட்டுநர். "காசப் பத்தி நீ கவலப்படாத. சேமநிதியில எடுத்துக்கலாம். பத்தலன்னா அம்மா நகை இருக்கு" என்றார். பிள்ளையின் மேற்படிப்புக்குச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் சட்டம் இடம் கொடுப்பதெல்லாம் தர்மம் ஆகிவிடுமா? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நண்பர்களெல்லாம் தரவரிசை பேசினார்கள். எங்கள் இளைஞர் பகுதியில் பொறியியலாளராக இருக்கும் ஓர் அண்ணன்தான், "தம்பி, ரெண்டு கோர்சுக்கும் பொறியியல் அங்கீகார மன்றத்தோட அங்கீகாரம் இருக்கான்னு மொதல்ல பாரு" என்றார். பார்த்தேன், இரண்டுக்கும் இருந்தது. மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினர். அதனால் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. ஆக, பட்டத்தின் தகுதி என் பிரச்சினை இல்லை. மிஞ்சி நின்றது இரண்டுதான்: ஒரு பக்கம் என் ஆசை, மறுபக்கம் அப்பாவின் முதுமை.

கீதை வகுப்பில் சுயதர்மம் பற்றிப் படித்திருக்கிறோம். அதை என் வசதிக்கு, 'எனக்குப் பிடித்ததைச் செய்வது' என்று வளைத்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். போர்க்களத்தில் அர்ஜுனனுக்குப் பிடித்திருந்தது வில்லைப் போட்டுவிட்டுப் போவதுதான். அது அவனுடைய சுயதர்மம் ஆகவில்லையே! பிடித்தது வேறு, கடமை வேறு.

பெற்றவர்கள் மனமாரக் கொடுப்பதை வேண்டாம் என்பதும் ஒரு வகை அகம்பாவம் இல்லையா என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எனக்குக் கிடைத்த பதில் இது: அப்பா கொடுக்க வந்தது மிச்சப் பணத்தை அல்ல, முதுகு வலியோடு லோரி ஓட்டாமல் அவர் ஓய்ந்து உட்காரக்கூடிய ஆண்டுகளை. அதோடு, நான்காம் படிவம் படிக்கும் தங்கையின் பங்கும் அதில் இருந்தது. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

சரி, பெர்லிஸ் என்று முடிவெடுத்தேன். அப்போதுதான் இரண்டாவது பள்ளம் தெரிந்தது. 'உங்களுக்காகத்தானே என் ஆசையை விட்டேன்' என்ற நினைப்போடு போனால், அது தியாகமில்லை. பெற்றவர்கள் தலையில் நான் ஏற்றிவைக்கும் வட்டிக் கடன். பரீட்சையில் தோற்றாலும் வேலை கிடைக்காவிட்டாலும் அந்தக் கணக்கை அவர்களிடமே நீட்டுவேன்.

பதினெட்டு அத்தியாயம் உபதேசித்த கண்ணனே, கடைசியில் நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று அர்ஜுனனிடமே முடிவை விட்டுவிடுகிறான். தேரை ஓட்டியவன் அவன்தான், ஆனாலும் முடிவு அர்ஜுனனுடையது. பிறகு யார்மேலும் பழி போட முடியாது.

அதனால் அப்பாவிடம் பொய் சொல்லவில்லை. "எனக்கு அந்த கோர்ஸ் ரொம்பப் புடிச்சதுன்னு சொல்ல மாட்டேன்பா. ஆனா இது என்னோட முடிவு. நாளைக்கு ஒங்கமேல கொற சொல்ல மாட்டேன்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்க நம்ம சாப்பாடு கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது மூன்றாம் ஆண்டு. ஆராவுக்குப் போகும் இடிஎஸ் ரயிலில் உட்காரும்போது, அந்த இன்னொரு கடிதம் சில நாள் ஞாபகம் வரத்தான் செய்கிறது. ஆசை அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. ஆனால் அப்பாவிடம் போனில் பேசும்போது என் குரலில் கசப்பு இல்லை. அது போதும்.

தம்பி தங்கைகளே, என்னைப் போலவே முடிவெடுங்கள் என்று சொல்லவில்லை. வசதியுள்ள வீட்டில், தனியாரில் படிப்பதே சரியாக இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, கணக்கை ஒளிக்காமல் மேசைமேல் வையுங்கள். இந்த முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு முடிவை நீங்களே எடுத்து, நீங்களே சுமந்துகொள்ளுங்கள்.