ஓய்வு யாருடைய உடைமை?

மெல்ல நடப்பவனைச் சோம்பேறி என்று ஏசுவது நம் நாட்டு வழக்கம். ஆனால் அவன் ஏழையாக இருந்தால்தான் அந்தப் பட்டம்! திண்டிலே சாய்ந்து, தாம்பூலம் மென்று, பகலெல்லாம் படுத்துக் கிடந்த பண்ணையாரை எவரேனும் சோம்பேறி என்றதுண்டா? கொடுத்து வைத்தவர் என்றல்லவா ஊர் கூறிற்று! ஓய்வு ஒன்றே, பெயர் இரண்டு. இந்த இரட்டை நாக்கின் பொருளை நாம் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது, கல்விக்காக ஜெர்மனி சென்ற நாட்களிலேதான்.

நெக்கர் ஆற்றங்கரையிலே ஹைடல்பர்க் நகரம். 1386இல் தோன்றிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. ஞாயிறு வந்தால் அந்நகரில் கடைகள் திறப்பதில்லை. முதல் நாளே வாங்கி வைக்காதவன், புகைவண்டி நிலையத்துக்கோ பெட்ரோல் நிலையத்துக்கோதான் போயாக வேண்டும். காலிப் புட்டிகளைத் தொட்டியிலே போடுவதும் அன்று கூடாதாம். கண்ணாடி உடையும் ஓசை அண்டை வீட்டாரின் அமைதியைக் கெடுக்குமாம்! ஆற்றின் எதிர்க்கரைக் குன்றின்மேல் 'மெய்யியலாளர் பாதை' என்றொரு வழி செல்கிறது. முதியோரும் இளைஞரும் அதிலே நடக்கிறார்கள், அமர்கிறார்கள், ஆற்றைப் பார்க்கிறார்கள். வேறொன்றும் செய்வதில்லை.

நமக்கோ நெஞ்சு பதைத்தது. விடியுமுன் ஒரு தனிப்பாட வகுப்பு, பொழுது சாய்ந்தபின் இன்னொன்று, ஞாயிறன்று சிறப்பு வகுப்பு என்று வளர்க்கப்பட்டவர்களாயிற்றே! சும்மா அமர்ந்திருப்பது எவரிடமோ திருடிய பொருளை வைத்திருப்பதுபோல் உறுத்திற்று. திங்கள்கள் சில சென்றபின்னரே உள்ளம் அடங்கிற்று. படித்த பக்கத்தை மறுமுறை படிக்க முடிந்தது. பாதியிலே அறுந்துபோகும் எண்ணம் ஒன்று, முடிவுவரை சென்று நின்றது. மனப்பாடம் செய்வதற்கு விரைவு போதும். ஐயுறுவதற்கு நேரம் வேண்டும் என்பதை நாம் கண்டது அப்போதுதான்.

உடன் பயின்ற தோழர் சிலர் இதற்குக் காரணம் கூறினர்: "குளிர்நாட்டு இயல்பு", "வெள்ளையர் பண்பாடு" என்று. இதை நாம் ஏற்பதற்கில்லை. அதே குளிர்தானே பிரஷ்ய ஆலைகளில் குழந்தைகள் உழன்றபோதும் அடித்தது? 1839இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒன்பது வயது நிரம்பாத குழந்தையை ஆலையிலே அமர்த்தலாகாது, பதினாறு நிரம்பாதவரைப் பத்து மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது அது. அந்தப் பத்து மணியே அன்று சலுகை! எட்டு மணி வேலை 1918 நவம்பரின் புரட்சிக் கொந்தளிப்பிலே கிடைத்தது. ஞாயிறு ஓய்வு 1919இன் அரசியலமைப்பில் ஏறிற்று. 1949இன் அரசியலமைப்பும் அதனைத் தாங்கிக்கொண்டது. 1956இன் மே நாளில், "சனிக்கிழமையில் அப்பா எனக்கே உரியவர்" என்று ஒரு சிறுவன் சொல்வதாகச் சுவரொட்டி ஒட்டினர் தொழிற்சங்கத்தார். மந்தமாகத் தோன்றும் அந்த ஞாயிறு, இப்படிப் போராடிப் பெற்ற ஞாயிறு.

பகுத்தறிவுத் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும். "ஞாயிறு ஓய்வு மதத்தின் பிள்ளையல்லவா? 321இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் இட்ட கட்டளையல்லவா? கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் இசைந்தபோது வழக்காடி, 2009இல் வென்றவை திருச்சபைகள்தாமே?" ஆம், மெய்தான். ஆனால் அன்று கால் வலி தீர அமர்ந்த கடைப்பெண்ணுக்கு வேதம் தேவைப்படவில்லை. எவர் வயலில் விளைந்ததென்று பார்த்தா நெல்லை எறிந்துவிடுகிறோம்?

நம்மை உறுத்துவது வேறொன்று. ஞாயிறன்று பெருநகரங்களிலே வீட்டு வாயிலுக்கு உணவு வருகிறதே, அதைக் கொணர்பவன் யார்? மழையிலே, மிதிவண்டியிலே, முதுகில் பெட்டி சுமந்து வருபவன் பலவேளைகளில் நம் நாட்டு மாணவன்! ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்கிறது 2024 முதல் அந்நாட்டுச் சட்டம். ஊரிலே கடன் வட்டி ஏறுகிறது. கையிலே கைப்பேசி நிமிடங்களை எண்ணுகிறது. பாதையிலே உலவுகிறவருக்கு மெல்லச் செல்லும் அதே ஞாயிறு, இவனுக்குப் பறக்கிறது. ஒருவன் ஓடுவதால் இன்னொருவன் உலவுகிறான் என்றால், பண்ணையாரின் திண்டு கடல் கடந்து போயிருக்கிறது என்பதன்றி வேறென்ன? உலவுகிறவரை எழுந்து ஓடச் சொல்வதல்ல நம் வழக்கு. ஓடுகிறவனுக்கும் ஒரு ஞாயிறு வேண்டும் என்கிறோம்.

படிப்பு முடித்து மீளும் தோழர்கள் அந்த அமைதியின் அழகை நெகிழ்ந்து பேசுகின்றனர். நன்று! இங்கும் அதற்கான போர் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1923இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவு நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எதிர்ப்பு எழவே, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2021இல், கடைகளிலே நாளெல்லாம் நின்று வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. பொங்கலுக்குத் துணி எடுக்கச் செல்லும் தோழர்கள் விலைச் சீட்டைப் பார்க்குமுன், அந்த இருக்கை எங்கே இருக்கிறது, அதில் எவரேனும் அச்சமின்றி அமர்ந்திருக்கிறார்களா என்று பார்த்து வர வேண்டுகிறோம்.