உயிருக்கு உரிமையாளர் உளரோ?

உயிரை ஒருவர் தம் உடைமையாக்கலாமா? வங்காளத்திற் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தியின் (1938–2020) ஆய்வுவாழ்வு இவ்வினாவை எழுப்புகின்றது. எண்ணெய்யைச் சிதைக்கவல்ல பற்றீரியாவொன்றை அவர் அமெரிக்காவில் உருவாக்கினார். அதற்கு ஆக்கவுரிமை வழங்கலாமென 1980இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. பின்னர், நோய்தரும் பற்றீரியாவொன்றின் அசூரின் புரதம் புற்றுநோய்க் கலங்களுட் புகுந்து, கட்டிவளர்ச்சியை அடக்கும் பி53 புரதத்தை நிலைபெறச் செய்வதை அவர் ஆராய்ந்தார். 2013இல் அதே நீதிமன்றம், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பரம்பரையலகுகளைப் பிரித்தெடுத்தமைக்காக மட்டும் எவரும் ஆக்கவுரிமை பெறவியலாதென்றது.

மட்டக்களப்பு வாவியில் வலை மீனவனுடையது. வாவி எல்லோர்க்கும் பொது. ஆயின் சக்கரவர்த்தியின் வலையும் இயற்கை நூற்ற இழைகளாலானதே: அவர் ஒருங்குசேர்த்த பிளாஸ்மிட்டுகள் ஏலவே பற்றீரியாக்களில் இருந்தவை. ஆதலின் உழைப்புக்குக் கூலி தகும். நோயாளிக்கும் மருந்துக்குமிடையே வேலியிடும் உரிமை தகாது.