எழுதியவர் பெயர்

தேநீரைப் புகழ்பவர் கொழுந்தெடுத்த கையை விசாரிப்பதில்லை. பாட்டை முணுமுணுப்பவர் எழுதிய கையைத் தேடுவதில்லை.

குரலுக்குக் கைதட்டல் உடனே கிடைக்கும். மெட்டு கேட்டதுமே மயக்கும். சொல் மட்டும் மெல்லத்தான் மனத்தில் இறங்கும்; இறங்கிவிட்டால் பிறகு போகாது.

பாடலாசிரியர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தபோது அவருக்கு வயது 29. வாழ்ந்த காலம் கொஞ்சம். பாட்டு வாழும் காலம் நீளம். தஞ்சை வயலில் முளைத்த அவர் சொல், இலங்கை மலையகத்தின் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் சொந்தச் சொல்லாகிறது. வியர்வைக்கு ஊர் வேற்றுமை இல்லை.

கவிஞனுக்குச் சிலை வைப்பது ஊரின் கடமை. அவன் சொல்லை மறவாதிருப்பது ரசிகனின் கடமை. பிடித்த பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எழுதியவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.