எழுதியது நாமல்ல!

தென்காசிக்கு மேற்கே மலை கறுக்கிறது; சாரல் சிதறுகிறது; பேரருவியின் ஆர்ப்பரிப்பு குற்றாலத்துக் கடைத்தெருவெங்கும் கேட்கிறது. அருவிக் கரையில் நின்று ஒரு துளியை நோக்கி, "பாறையை அரித்தது நீயா?" என்று கேட்டால், "நான் வெறும் துளிதானே!" என்று அது விடை கூறக்கூடும். துளி கூறுவது பொய்யன்று. ஆனால் துளிகளைத் தவிர அருவியிலே வேறென்ன இருக்கிறது?

கைப்பேசியில் வந்த செய்தியை வந்த வேகத்திலேயே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் நாமும் இந்தத் துளியின் விடையைத்தான் கூறி வருகிறோம். "எழுதியது நாமல்ல, வந்தது, அனுப்பினோம், அவ்வளவே!" இந்த விடை அறத்தின் முன் நிற்குமா? தோழர்களே, பிறரைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுமுன், நாமே முதலில் ஏறிவிடுகிறோம்.

2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடுமென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக் கொண்டிருந்தோர் அலறி ஓடினர். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். மக்கள் ஓடும் அந்தக் காட்சி கைப்பேசிகளின் வழியே நாடெங்கும் பரவிற்று. அடுத்த ஆண்டுச் சாரல் காலத்தில், அதே காட்சி "இன்று காலை, குற்றாலத்தில்" என்ற புதுத் தலைப்பைச் சூடிக்கொண்டு நம் கைக்கு வந்தது. நாம் யார்? பள்ளியிலே பாடம் சொல்பவர்; மன்றத்திலே பகுத்தறிவு பேசுபவர்; "ஏன், எதற்கு என்று கேள்" என்று மாணவரைத் தூண்டுபவர்! ஆயினும் நாம் கேட்கவில்லை. உறவினர் குழுவுக்கு உடனே அனுப்பினோம். புளியங்குடியிலிருந்து புறப்படவிருந்த குடும்பமொன்று பயணத்தையே நிறுத்திவிட்டது. மாலையில் கடைத்தெருப் பக்கம் சென்றோம். மங்குஸ்தான் கூடையோடு அமர்ந்திருந்த மூதாட்டி, "அருவி நல்லாத்தான் விழுது சார், ஆளைத்தான் காணோம்" என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது.

"நல்லெண்ணத்தோடுதானே அனுப்பினீர்?" என்று நண்பர் தேற்றினார். நல்லெண்ணம் இருந்தது, உண்மை. ஆராய்ச்சி இருந்ததா? இன்ன மருந்தென்று அறியாமலே நோயாளியின் வாயில் ஊற்றுபவனுக்கும் நல்லெண்ணம் இருக்கலாம். அதனால் அவனை மருத்துவன் என்போமா? தவிரவும், பொய் எச்சரிக்கை பத்து முறை வந்தால், பதினோராம் முறை மெய் எச்சரிக்கை வரும்போது நம்புவார் யார்? மலைமேல் மழை கொட்டுகிறது, கரையேறுங்கள் என்று உண்மையாகவே கூவும் நாளில் ஒருவர் அலட்சியமாக நின்றுவிட்டால், அந்த அலட்சியத்தை வளர்த்தவர்களில் நாமும் ஒருவர் அல்லவா?

அறிவுள்ளவரும் இப்படித் தவறுவது ஏன்? உளநூலார் ஒரு விடை தருகின்றனர். 1968-இல் அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லாட்டனே எனும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனித்தனி அறைகளில் மாணவரை அமர்த்தி, உள்தொடர்புக் கருவி வழியே உரையாடச் செய்தனர். இடையே ஒரு குரல், வலிப்பு வந்ததுபோல் தவித்தது. அது முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட குரல். மாணவர் அதனை அறியார். அக்குரலைத் தாம் மட்டுமே கேட்பதாக எண்ணியவர்களில் நூற்றுக்கு 85 பேர், அது ஓயுமுன்பே உதவி தேடி எழுந்தனர். தம்மோடு இன்னும் நால்வர் கேட்பதாக எண்ணியவர்களிலோ நூற்றுக்கு 31 பேரே எழுந்தனர்! கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு சிறு சிறு துண்டாகிறது. துண்டானதும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இருநூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவிலே, "யாரேனும் சரி பார்த்திருப்பார்" என்று இருநூறு பேரும் எண்ணுகின்றனர். சரி பார்த்தவர் ஒருவருமிலர்!

இதன் விளைவு மங்குஸ்தான் கூடையோடு நிற்பதில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற சென்னைக் குடும்பத்தார், வழியிலே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிக்கும் கூட்டம் உலவுகிறதென்ற வதந்தி அப்பொழுது கைப்பேசிகளில் பரவியிருந்தது. மிட்டாய் கொடுத்த கையைப் பிள்ளை பிடிக்கும் கையென்று கருதிய கும்பல், 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றது. அடித்தவரைச் சட்டம் பிடித்தது. அந்த வதந்தியைத் தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்தவாறே அனுப்பிவைத்த ஆயிரமாயிரம் பேர்? அன்றிரவும் அமைதியாக உறங்கியிருப்பர். "எழுதியது நாமல்ல" அன்றோ!

அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி தடை வைத்தது. கருவிக்குக் கடிவாளம் வேண்டும்தான். ஆனால் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை உலவிய செய்திகளை ஆராய்ந்து, 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட அறிஞர்கள் கண்டதென்ன? மெய்யைவிடப் பொய்யே விரைந்தும் விரிந்தும் பரவிற்று. அதற்குக் காரணம் இயந்திரக் கணக்குகளைவிட மனிதரே என்பதுதான். புதுமையும் வியப்பும் கலந்த செய்தியைக் கண்டால் மனிதனின் விரல் துடிக்கிறது. "இதைப் படித்தவர் உடனே பதினொரு அஞ்சலட்டை எழுதுக, தவறினால் தீங்கு நேரும்" என்று வந்த மிரட்டலுக்கு அஞ்சி, நம் பாட்டனார் அட்டை வாங்க ஓடினாரே, அதே விரல்தான்! அவருக்குக் காசு செலவாயிற்று, கை வலித்தது, தபாற்பெட்டிவரை நடக்கவேண்டியிருந்தது. நடக்கும்போதேனும் சிந்திக்க நேரம் கிடைத்தது. நமக்கு அதுவும் இல்லை.

கருவி அயலாருடையதாக இருப்பதே கோளாறு என்பாரும் உளர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்ட ஸோஹோ நிறுவனம், 2021-இல் 'அரட்டை' என்ற செய்திச் செயலியை வெளியிட்டது. நம் மண்ணில் வேர்கொண்ட நிறுவனம், நல்ல தமிழ்ப் பெயர், மகிழ்கிறோம். ஆனால் கலிபோர்னியாவில் பிறந்த செயலியாயினும், தமிழ்ப் பெயர் பூண்ட செயலியாயினும், அதன்மேல் தவழும் கட்டைவிரல் நம்முடையதே.

எனவே ஒரு பழக்கம் வேண்டும். எங்கே நடந்தது? எப்போது நடந்தது? கண்டவர் யார்? இம்மூன்றுக்கும் விடையில்லாத செய்தி நம் கையோடு நிற்கட்டும். தவறி அனுப்பிவிட்டோமெனில், அதே குழுவிலே, அதே பேர்கள் அறிய, "நாம் அனுப்பியது பொய், பொறுத்தருள்க" என்று எழுதும் நேர்மை வேண்டும். மூதாட்டியின் சொல் கேட்ட அன்றிரவே நாம் அதை எழுதினோம். கை கூசிற்று. ஆயினும் எழுதினோம். புளியங்குடிக் குடும்பத்தார் மறுவாரம் வந்து குளித்துவிட்டு, ஒரு கூடைப் பழமும் வாங்கிச் சென்றனர்.

துளிக்குச் சிந்திக்கத் தெரியாது. ஆகவே அதன்மேல் குற்றமில்லை. நமக்குத் தெரியும்.