சுட்டவனும் சுடப்பட்டவனும்

"சொல்தானே, சுட்டுவிடுமா?" என்று கேட்போர் உண்டு. சுடப்படாதவர் கேட்கும் கேள்வி அது!

'சவுத் பார்க்' என்னும் அமெரிக்கக் கேலிச் சித்திரத் தொடர், 2007 மார்ச்சில் இக் கேள்வியை ஆராய்ந்தது. தொலைக்காட்சிச் சொற்போட்டியிலே, பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு, கறுப்பரை இழித்துரைக்கும் சொல்லை விடையாக முழங்குகிறார் ராண்டி என்னும் வெள்ளையர். உண்மை விடையோ, 'நச்சரிப்போர்' எனப் பொருள்படும் வேறொரு ஆங்கிலச் சொல், ஓரெழுத்தே வேறுபாடு! தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனிடம் அவர் மன்னிப்புக் கேட்டதும், வழக்குத் தீர்ந்தது என்றெண்ணுகிறான் மகன் ஸ்டான். கறுப்பினத் தோழன் அதை ஏற்கவில்லை. ஒருவர் மன்னித்தால் ஓரினத்தின் வடு ஆறிவிடுமா?

பின்னர், அச் சொல்லையே அடைமொழியாக்கி ஊரார் ராண்டியை எள்ளுகின்றனர். உடனே அவ் வசையைத் தடுக்கச் சட்டம் பிறக்கிறது! வெள்ளையருக்கு வலித்தால் விரைந்து வரும் சட்டம்! இழிசொல்லைப் பன்முறை ஒலித்தும் இக் கதை இழிவாகாதது ஏன்? அதன் அம்பு சுட்டவனை நோக்கியது, சுடப்பட்டவனை அன்று.

அவ்வாண்டு ஜூலையில், டெட்ராயிட் நகரில், கறுப்பின உரிமைக்குப் போராடும் தேசியச் சங்கம் அச் சொல்லுக்குச் சவ அடக்கமே நடத்தியது. சொல் புதைந்தது, அதை ஈன்ற ஆணவம் புதைந்ததா?

"உன் வேதனை புரிகிறது" என்று ஸ்டான் சொன்னபோதெல்லாம் தோழன் முகம் திருப்பினான். தனக்கு அது புரியவே புரியாது என்று ஒப்பியபோதுதான் நட்பு தழைத்தது. தோழர்களே! பிறன் வலியை அளக்க நம்மிடம் கோல் இல்லை. அதை உணர்வதே பகுத்தறிவு. உணர்ந்து நாவடக்குவதே பண்பு!